டு கெட் ஹெர்

புதன்கிழமையை ஆங்கிலத்தில் எழுதும் தமிழ்ப் பிள்ளை மனசுக்குள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? "வெட்... நெஸ்... டே." மூன்று துண்டு. எழுதி முடித்ததும் அதையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் "வென்ஸ்டே" என்னும். இரண்டே துண்டு. மூன்றாவது துண்டு எங்கே போனது என்று அது கேட்பதில்லை. நாமும் அந்த வயதில் கேட்கவில்லை.

டெல்டாவின் பள்ளிக்கூடங்களில் ஆங்கில ஸ்பெல்லிங் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஏறியது. 'டுகெதர்' என்றால் "டு கெட் ஹெர்". 'அசாசினேஷன்' என்ற பெரிய கொலைக்கு இரண்டு கழுதை, ஒரு நான், ஒரு தேசம். 'லெஃப்டினன்ட்' என்ற ராணுவ அதிகாரிக்கு ஒரு பொய், ஒரு நீ, ஒரு பத்து, ஒரு எறும்பு. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அந்தச் சொல்லை எழுதும்போது எறும்பு ஊர்ந்து வருகிறது.

சூத்திரம் பழுதில்லை, ஸ்பெல்லிங்குக்குப் பத்துக்குப் பத்து வாங்கித் தந்தது. வேலைக்குப் போன முதல் மாதம் தொலைபேசியில் ஓர் ஆங்கிலேயரோடு பேச நேர்ந்தபோதுதான் வினை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருந்தது. அவர் மட்டும் மூன்று முறை "பார்டன்?" என்றார்.

எழுதுவதற்காகச் சொல்லை வெட்டும் இடம் ஒன்று, பேசும்போது சொல் தானாக மடியும் இடம் இன்னொன்று. 'டு கெட் ஹெர்' என்ற வெட்டையே பாருங்கள். அந்தச் சொல்லின் நடுவே டி, ஹெச் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே ஒலியைத் தருகின்றன. நம் சூத்திரம் அந்த ஒற்றை ஒலியை நடுவே பிளந்து, பாதியை 'கெட்'டுக்கும் பாதியை 'ஹெர்'ருக்கும் கொடுத்துவிடுகிறது. கண்ணுக்கு அது நல்ல வெட்டு. காதுக்கு அந்த இடத்தில் வெட்டே கிடையாது.

தாடைக்கு அடியில் ஒரு கை

புறங்கையைத் தாடைக்கு அடியில் லேசாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'அம்மா' என்று நிதானமாகச் சொல்லுங்கள். தாடை இரண்டு முறை கையில் இடிக்கும். 'வலங்கைமான்' என்று சொல்லுங்கள். வ, லங், கை, மான் என்று நான்கு முறை. ('இ', 'உ' வரும் இடங்களில் தாடை அதிகம் இறங்காது. அங்கே மட்டும் காதை நம்புங்கள்.)

தாடை இறங்கும் ஒவ்வொரு முறையும் வாய் திறந்து ஓர் உயிரொலி வெளியே வருகிறது. அதன் முன்னும் பின்னும் மெய்கள் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒரு திறப்பு, ஒரு மூடலுக்கு இந்த அத்தியாயத்தில் 'ஒலியசை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெறும் 'அசை' என்றால் யாப்பிலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் அசை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வரப்பின் மேல் ஏறி இறங்குவதைப் போன்றது ஒலியசை. அடியில் க், ட், ப் போன்ற ஒலிகள். இவற்றைச் சொல்லும்போது வாய் முழுக்க அடைபட்டு ஒரு நொடித்துளி மௌனமாகிறது. அதற்குச் சற்று மேலே ஸ். பிறகு ன், ம். அதற்கும் மேலே ல், ர். உச்சியில் உயிர். உச்சிக்குப் போய்விட்டு மறுபுறம் அதே வரிசையில் இறங்குகிறோம். உலகத்து மொழிகளில் பெரும்பாலானவை இந்த ஏற்ற இறக்கத்தை மதிக்கின்றன.

இஸ்கூலின் 'இ'

இப்போது ஒரு பழைய புதிருக்கு விடை தெரியும். ஸ்கூலை 'இஸ்கூல்' என்கிறவர்கள் பிளேட்டை 'இப்ளேட்' என்பதில்லை. ஏன்?

பிளேட்டின் ஆங்கில வடிவத்தில் ப், ல் இரண்டும் உயிர் இல்லாமல் அடுத்தடுத்து வருகின்றன. ப் அடியில், ல் மேலே, பிறகு உயிர். ஏற்றம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நம் நாக்குக்கு ஏறும் வழி கொஞ்சம் செங்குத்து, அவ்வளவுதான். நடுவே ஒரு படி வெட்டிக்கொள்கிறது: பி-ளேட். பிரஷ், கிளாஸ் எல்லாம் இப்படி வந்தவை.

ஸ்கூல் அப்படி இல்லை. ஸ் ஓரளவு மேலே இருக்கும் ஒலி, அடுத்து வரும் க் அதலபாதாளம். வரப்பில் ஏறும் முன்பே ஒரு மண்ணாங்கட்டியில் ஏறிப் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டியையே ஒரு முழு மேடாக்கிவிடுவது ஒரு வழி. முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தால் போதும்: இஸ்-கூல். கட்டியைத் தட்டிவிடுவது இன்னொரு வழி. ஸ்டேஷனை 'டேசன்' என்ற நம் தாத்தாக்கள் செய்தது அதுதான்.

இதைப் படிக்காதவர் நாக்கு என்று சிரிக்கிறவர்கள் ஸ்பெயினுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே பள்ளிக்கூடம் 'எஸ்குவேலா', ரயில் நிலையம் 'எஸ்டாசியோன்'. லத்தீனின் 'ஸ்கோலா' பிரெஞ்சில் முதலில் முன்னுயிர் வாங்கி, பிறகு ஸ்-ஐயும் தொலைத்து 'ஏகோல்' ஆகிவிட்டது. நம் இஸ்கூலும் டேசனும் அங்கே ஒரே சொல்லில் நடந்திருக்கின்றன. ஜப்பானியர் 'ஸ்ட்ரைக்' என்ற ஒரே ஒலியசையை 'சு-தொ-ர-இ-கு' என்று ஐந்து தட்டாக நீட்டுகிறார்கள். அவர்களைப் படிக்காதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லின் வாலிலும் நமக்கு ஒரு சட்டம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டிப் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், தமிழ்ச் சொல் எந்தெந்த எழுத்தில் முடியலாம் என்று பட்டியல் தருகிறது. வல்லின மெய்க்கு அதில் இடமில்லை. அதனால்தான் கேட் 'கேட்டு', பேக் 'பேக்கு'. பட்டியலில் ஸ் என்ற எழுத்தே இல்லாததால் பஸ்ஸும் 'பஸ்ஸு' ஆனது. டீக்கடையில் "பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்பவர் நன்னூலைப் படித்திருக்க வேண்டியதில்லை. நன்னூல்தான் அவர் வாயைப் படித்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தத் தடைகள் இல்லை. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஐந்து புள்ளி எழுத்துகள், நடுவே ஒரே ஒரு உயிர்மெய். முழுச் சொல்லும் ஒரே ஒலியசை. தமிழில் ஓர் உயிருக்குப் பின்னால் 'வாழ்க்கை'யில் வருவது போல இரண்டு ஒற்று நின்றாலே அதைத் தனியாக 'ஈரொற்று' என்று குறித்து வைக்கிறோம்.

புளிமாங்காய்

யாப்பிலக்கணத்தின் அசைக்கு வருவோம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் "வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி!" என்று நடத்துநர் கூவுவதை அலகிட்டால், வலங் நிரை, கை நேர், மான் நேர். ஆக, வலங்கைமான் ஒரு புளிமாங்காய். தாடை நான்கு முறை இறங்கியது, யாப்பு மூன்று என்கிறது. இரண்டு குறில் அடுத்தடுத்து வந்தால் யாப்பு அவற்றைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக எண்ணும். பாட்டின் நடையை அளப்பதற்கான கருவி அது. வாயை அளப்பதற்கு ஒலியசையே சரி.

இரண்டு கணக்கிலும் ஒரு விஷயம் பொதுவானது. தமிழில் உயிரின் அளவு எழுத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. சொல்லின் எந்த மூலையில் இருந்தாலும் 'மா' ஏறத்தாழ மா-வாகவே இருக்கும்.

வலங்கைமான்காரர்களுக்கு இதை வெடியைக் கொண்டு சொல்லிவிடலாம். வாணவெடிக்குப் பேர்போன ஊர் அது. தமிழ்ப் பேச்சு சரவெடி: பட பட பட என்று ஒவ்வொரு வெடிக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம். ஆங்கிலப் பேச்சு அதிர்வேட்டு. ஒரு பெரிய 'டமார்', நடுவே திரி கருகும் 'உஸ்', மறுபடி ஒரு 'டமார்'. பி.பி.சி. அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்கு ஆலோசகராக இருந்த ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் 1940இல் இதையே இயந்திரத் துப்பாக்கி என்றும் தந்திக் கட்டுகட்டு என்றும் பிரித்தார். பிற்பாடு கருவி வைத்து அளந்தவர்கள், டமாருக்கும் டமாருக்கும் இடைவெளி அவர் நினைத்த அளவு சீராக இல்லை என்று கண்டார்கள். பெரிய வெடியும் சின்னக் கருகலும் என்ற வேறுபாடு மட்டும் நிலைத்தது.

ஒரே படம், மூன்று சொல்

இந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லையாவது பிரித்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் அது மூன்று ஒலியசை: ஃபோ, ட, கிராஃப். நாம் 'ஃபோட்டோ' என்று இரண்டு நெடிலையும் முழுசாக இழுக்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அதிர்வேட்டு முதல் அசையில் வெடித்துவிடுகிறது. நடு அசை 'டோ' அல்ல, கருகிப்போன 'ட'.

அதன் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்து 'ஃபோட்டோகிராஃபி' ஆக்குங்கள். நாம் பழைய சொல்லை அப்படியே வைத்து ஒரு 'இ' ஒட்டுகிறோம். ஆங்கிலத்திலோ வெடி இடம் மாறுகிறது. ஃப, டாக், ர, ஃபி. இப்போது வெடிப்பது இரண்டாவது அசை. சற்று முன் கம்பீரமாக நின்ற 'ஃபோ' வெறும் 'ஃப' ஆகிக் கருகுகிறது. கருகிக் கிடந்த 'ட' முழு உயிரோடு எழுந்து 'டாக்' ஆகிறது. 'கிராஃப்' இருந்த இடத்தில் ஒரு 'ர'தான் மிச்சம்.

மூன்றாவதாக 'ஃபோட்டோகிராஃபிக்'. ஃபோ, ட, கிரா, ஃபிக். வெடி மூன்றாவது அசைக்கு நகர்ந்துவிட்டது.

எழுத்துகள் ஏறத்தாழ அவையே. வெடி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து மற்ற அசைகளின் உயிர் உருமாறுகிறது. தொலைபேசியில் என்னிடம் "பார்டன்?" என்றவர் அந்த டமாருக்காகக் காத்திருந்தார். நான் சரவெடி வைத்துக்கொண்டிருந்தேன்.

வெடி எங்கே விழும் என்பதற்குத் துப்புகள் உண்டு. 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த 'இக்'குக்கு முந்தின அசை. ஜியாகிரஃபி, எக்கானமி, டெமாக்ரசி போன்றவற்றில் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மூன்றாவது. 'பாலிடிக்ஸ்', 'அராபிக்' மாதிரி அடங்காப்பிடாரிகளும் இருக்கின்றன.

இந்தக் கருகிய உயிருக்கு 'குறுகுயிர்' என்று பெயர் வைக்கலாம். ஆங்கிலத்திலேயே அடிக்கடி வரும் உயிரொலி அதுதான். அதற்கென்று 26 எழுத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் முறை வைத்து அதற்குக் கூலிவேலை செய்கின்றன. ஸ்பெல்லிங் தொல்லையில் பாதி இதனால் வருவது. கேட்டதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் கழுதையும் எறும்பும் தேவைப்பட்டன.

நமக்கு இது அந்நியமும் இல்லை. 'நாடு' என்ற சொல்லின் கடைசி உகரம் முழு உகரம் இல்லை, அரை மாத்திரைதான் என்று தொல்காப்பியமே அளந்து, குற்றியலுகரம் என்று பெயரும் கொடுத்திருக்கிறது. நடத்துநர் அவசரத்தில் கூவும்போது வலங்கைமானின் 'கை'யும் முழு 'கை'யாக விழுவதில்லை. அது ஐகாரக்குறுக்கம். பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த குறுக்கங்கள், ஆங்கில வகுப்பில் வந்து கைகொடுத்திருக்க வேண்டியவை. இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். பாடங்கள்தான் பேசிக்கொள்ளவில்லை.

தஞ்சாவூர், டாஞ்சோர்

வெடிக்காத அசையைக் கருக்குவது ஆங்கில நாக்கின் பழக்கம் என்று தெரிந்துகொண்டால், நம் ஊர்ப் பெயர்களுக்கு நேர்ந்த கதி புரியும். தஞ்-சா-வூர் என்ற மூன்றும் 'டாஞ்-சோர்' என்று இரண்டாயிற்று. தி-ரு-வல்-லிக்-கே-ணி என்ற ஆறும் 'ட்ரிப்-ளி-கேன்' என்று மூன்றாயிற்று. இதில் ஆங்கிலேயருக்கு முன்பே வந்த போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் வாய்க்கும் பங்குண்டு.

'திரு' எப்படி 'ட்ரி' ஆனது என்று பாருங்கள். வெடி விழாத உயிர் கருகி, முடிவில் காணாமலே போய், இரண்டு மெய்களும் ஒட்டிக்கொண்டன. பிளேட்டில் நாம் செய்ததற்கு இது நேர் எதிர். அவர்கள் ஒட்டி வைத்த மெய்களுக்கு நடுவே நாம் உயிரைச் செருகினோம். நாம் வைத்த உயிரை அவர்கள் உருவிவிட்டார்கள். கணக்கு நேராகிவிட்டது என்றே நினைக்கிறேன். 'திருச்சி' என்ற சுருக்கத்தை நாமே வைத்துக்கொண்டு வாழும்போது வழக்குத் தொடரவும் முடியாது.

புளிமாங்காய் ஊர்க்காரர்

1869 செப்டம்பர் 22 அன்று வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்தார். சேலத்தில் ஆசிரியராக இருந்தார். 1894 முதல் எட்டாண்டுகள் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். 1919இல் மிதவாதிகளின் தூதுக்குழுவில் லண்டன் போனபோது ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். 1921இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் பேசினார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றினார். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவரை 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்றார்கள்.

அந்த நாக்கு பழகியது குடமுருட்டிக் கரையிலும் காவிரிக் கரையிலும். அவர் படித்த 1880களில் வானொலி கிடையாது. உச்சரிப்பைக் கடல் கடத்தி வந்த சாதனம் அகராதி. ஜான் வாக்கர் 1791இல் லண்டனில் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் வழியில் வந்தவை, சொல்லை அசை அசையாகப் பிரித்து, வெடிக்கும் அசையின் தலையில் ஒரு சிறு கோடு போட்டுக் காட்டின. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783இல் போட்ட அரிச்சுவடியும் பிள்ளைகளுக்குச் சொற்களை அசை பிரித்தே அச்சிட்டுத் தந்தது. அந்தச் சிறு கோட்டை மதித்தவர்களுக்கு ஆங்கிலம் வாயில் ஏறியது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடியவர்களுக்கு ஏறவில்லை. இன்றைய கைப்பேசி அகராதியிலும் அந்தக் கோடு இருக்கிறது, நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு சின்னக் குறிப்பு. 1940இல் சென்னை மாகாண அரசு அறிவியல் கலைச்சொற்களுக்காக அமைத்த குழுவுக்கு இதே சாஸ்திரிதான் தலைவர். குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 'ஒலியசை', 'குறுகுயிர்' என்று நான் இங்கே ஆக்கும் சொற்களை அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உச்சரிப்புக்கு அவர், சொல்லாக்கத்துக்கு எதிர்க்கட்சி என்று நான் கட்சி பிரித்துக்கொள்கிறேன்.

வரியின் ஓரத்தில்

ஆங்கில அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல் பாதியில் நின்றால் ஒரு சிறு கோடு போட்டு அடுத்த வரியில் தொடர்வார்கள். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது நம் புதிரின் கடைசி முடிச்சு. அமெரிக்க அகராதிகள் காதைக் கேட்கின்றன. 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் டி என்ற எழுத்தை இரண்டாம் துண்டின் தலையில் வைக்கின்றன. 'ஃபோட்டோகிராஃபி'யில் வெடி இரண்டாம் அசைக்குப் போய்விடுவதால், அந்த அசை ஜி என்ற எழுத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. பழைய பிரிட்டிஷ் வழக்கம் சொல்லின் வேரைக் கேட்கும். வெளிச்சத்துக்கான கிரேக்கத் துண்டு ஒரு பக்கம், எழுத்துக்கான துண்டு மறுபக்கம் என்று வெட்டும். ஒரே சொல், இரண்டு கத்தி.

கணினிக்கு இதைக் கற்றுத்தர முயன்றவர் ஃபிராங்க் லியாங். ஸ்டான்ஃபோர்டில் 1983இல் முடித்த ஆய்வேட்டின் தலைப்பையே அசை அசையாகக் கோடு போட்டு அச்சிட்டார். அகராதி ஒன்றைச் சலித்து அவர் எடுத்த 4,447 எழுத்துக் கோலங்கள், கோடு விழ வேண்டிய இடங்களில் 89 சதவீதத்தைச் சரியாகக் கண்டுபிடித்தன. மீறியவற்றுக்கு 14 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார்கள். 'பிரசென்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும் அதில் உண்டு. 'பிரசென்ட்' பரிசு என்ற பொருளில் வந்தால் வெடி முதல் அசையில். வழங்குவது என்ற வினையாக வந்தால் இரண்டாவதில். வெடி மாறினால் வெட்டும் மாறுகிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் எந்திரத்துக்கு எது எதுவென்று தெரியாது. அதனால் அவற்றை உடைக்கவே கூடாது என்று விட்டுவிட்டார்கள்.

தமிழ் அச்சுக்கோப்பவருக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை. நம் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் ஒலியசை. ஓலையின் ஓரம் வந்ததும் எழுத்தாணி சொல்லை நிறுத்தி அடுத்த வரிக்குப் போய்விடும், கோடும் கிடையாது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக் கூடாது என்ற ஒரே ஒழுங்கு போதும். அவசரத்தில் அச்சாகும் தாள்களில் அதுவும் இப்போது காற்றில் பறக்கிறது.

இனி நீங்கள். 'கம்ஃபர்டபிள்' என்ற சொல்லை எல்லாரும் பேசுகிறோம். நம் வாயில் கம், ஃபர், ட, பிள் என்று நான்கு அசை. ஆங்கிலத்தில் கம்ஃப், ட, பிள் என்று மூன்றே. வெடி முதல் அசையில். 'ஃபர்' கருகிச் சாம்பலாகிவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். நாலு தட்டு விழுந்தால் மறுபடி ஆரம்பியுங்கள்.